வைப்புக் குரல்

தினமும் காலையில் பல் துலக்கும்போது பிரகாசி தன் அப்பாவின் குரலை நாற்பது தரம் கேட்பாள்.

"சாப்ட்டியாம்மா?"

அவ்வளவுதான் அந்தக் குரல். ஒரு வினாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். காதுப்பொத்தானில் அது முடிந்ததும் மறுபடி தொடங்கும். பிரஷ் மேல்வரிசையில் ஓடும்போது இருபது, கீழ்வரிசையில் ஓடும்போது இருபது. பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்வாள். கண் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வருடத்துப் பழக்கம். இப்போது அதற்குத் தேவையே இல்லை. தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்பது போல அப்பாவையும் கேட்கப் பழகிவிட்டாள்.

குளித்து முடித்ததும் கைப்பட்டையை எடுத்து மணிக்கட்டில் மாட்டினாள். குளிப்பதற்காக ஒரு நாளைக்கு இருபது நிமிடம் பட்டையைக் கழற்றி வைக்கலாம் என்பது மாணவர் ஆதரவு வாரியம் மனமிரங்கிக் கொடுத்த சலுகை. அதனால் அந்த மகளிர் விடுதியில் முழு உதவி பெறும் மாணவிகள் அத்தனை பேரும் சரியாக இருபது நிமிடம் குளிப்பார்கள். திருச்சியில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து ஆளுக்கு ஒரு வாளி என்று அளந்து விட்ட கோடையிலும் இருபது நிமிடம்தான். உள்ளே தண்ணீர்ச் சத்தமே கேட்காது. கதவுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியும் என்ன செய்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பட்டையின் ஓரத்தில் கடுகளவு விளக்கு பச்சையாக எரிந்தது. இவளுக்கு யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம். பிரகாசிக்கு அது நல்ல செய்தி. ஆரஞ்சு நிறம் வந்தால்தான் ஆபத்து, யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அறையில் தில்ஷாத் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். வாணியம்பாடிக்காரி, பாதி உதவி பெறுகிறவள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வீட்டிலிருந்து அழைப்பு வரும். அம்மா, இரண்டு அக்கா, ஒரு மாமி என்று ஆள் மாற்றி ஆள் பேசுவார்கள். அழைப்பு வந்தால் தில்ஷாத் வராந்தாவுக்கு எழுந்து போய்விடுவாள். தன் குரல் பிரகாசியின் பட்டையில் அடிக்கடி பதியக் கூடாது என்பதில் அவள் மிகுந்த கவனமாக இருந்தாள். மூன்று வருடமாக ஒரே அறையில் இருக்கிறார்கள். "ஃபேனைக் குறைக்கட்டா?", "சாவி எங்க?" என்ற அளவோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் தில்ஷாத்துக்கு மறதி அதிகம். பொது அலமாரியில் ஒரு கொய்யாப்பழத்தை மறந்து வைப்பாள். ஊரிலிருந்து வந்த பிரியாணி டப்பாவைப் பாதி தின்றுவிட்டு மறந்து வைப்பாள். மறந்து வைத்த பொருளைப் பட்டை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இன்று இரண்டு ஆரஞ்சுச் சுளை, ஒரு தட்டில், ஈ மொய்க்காமல் மூடி மறக்கப்பட்டிருந்தது. பிரகாசி அதைத் தொடவில்லை. இன்று அளவீட்டு நாள். வெறும் வயிற்றோடு போனால் நாடி அடங்கியிருக்கும் என்பது அவள் அனுபவத்தில் கண்ட உண்மை.

*

முன்பெல்லாம் படிக்க உதவி வேண்டுமென்றால் வருமானச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினால் போதுமாம். மூன்று மாடி கட்டியவரும் பரம ஏழை என்று சான்றிதழ் வாங்கி வந்தாராம். அரசாங்கமும் எத்தனை காலம்தான் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்? ஒரு கட்டத்தில் காகிதத்தை நம்புவதையே விட்டுவிட்டது. பொய் சொல்லத் தெரியாத ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம் என்று மனிதனின் நாடியைக் கேட்கத் தொடங்கியது. அப்படி வந்ததுதான் பற்றுமானி.

விதி மிகவும் எளிமையானது. உனக்கென்று ஓர் ஆள் இருந்தால் அரசு பாதி தரும். மீதியை அந்த ஆள் பார்த்துக்கொள்ளட்டும். உனக்கென்று யாருமே இல்லை என்றால் கல்லூரி, அறை, சாப்பாடு எல்லாம் அரசின் பொறுப்பு. ஆள் இருக்கிறதா இல்லையா என்பதை வாய் சொல்லக் கூடாது, நாடி சொல்ல வேண்டும். பெற்றவரின் குரலைப் போட்டால் பிள்ளையின் நாடி, வியர்வை, கண்பாவை எவ்வளவு அசைகிறது என்று நூற்றுக்கு அளப்பார்கள். பிள்ளையின் குரலைப் போட்டுப் பெற்றவரையும் அளப்பார்கள். இரண்டு பக்கமும் பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் முழு உதவி. பத்து வினாடி, ஆண்டுக்கு ஒரு முறை. இடைப்பட்ட நாட்களில் கைப்பட்டை காவல் இருக்கும். எந்தக் குரலுக்காவது நாடி எகிறினால் அதன் விளக்கு ஆரஞ்சாகிவிடும். ஒரே குரல் ஒரே வாரத்தில் மூன்று முறை உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டால் வாரியத்திலிருந்து கடிதம் வந்துவிடும்.

பிரகாசியின் அப்பா சூசை, தூத்துக்குடியில் கடற்சுவரில் பாறை இறக்கும் வேலை பார்த்தார். ஊரின் கிழக்குப் பாதியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு மீதிப் பாதியைக் காப்பாற்ற எழுப்பிய சுவர் அது. ஆண்டு முழுவதும் எங்காவது உடையும், ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். அம்மா, அவள் பத்தாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் இரண்டே பேர். சமையல், சண்டை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை எல்லாம் அந்த இரண்டு பேருக்குள்தான்.

கடலோரப் பொறியியலில் இடம் கிடைத்தபோது பாதி உதவியை வைத்துக்கொண்டு சமாளிக்கவே முடியாது என்று தெரிந்தது. பெற்றவரும் பிள்ளையும் இனி ஒட்டு உறவில்லை என்று எழுதிக்கொடுக்கும் விலகல் பதிவு பற்றி விசாரித்துக்கொண்டு வந்தவர் சூசைதான்.

"நாலே வருசம்மா. பேசாம, பாக்காம இருக்கணும். அம்புட்டுதான். கப்பலுக்குப் போனவன் பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு இருக்கல?"

"ஒங்களால முடியுமாப்பா?"

"எனக்கென்னட்டி, நான் கல்லு கணக்கா இருப்பேன். நீதான் ஒப்பாரி வச்சிக் காரியத்தக் கெடுத்துருவ."

திருச்சி வாரிய அலுவலகத்தில் குரலை வைப்பில் போட வேண்டிய நாளன்று, மகளிடம் வழக்கமாக அதிகம் சொல்லும் வாக்கியம் எது என்று சூசையைக் கேட்டார்கள். பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டது போல மனிதர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். அப்புறம் வெட்கத்தோடு, "சாப்ட்டியாம்மா?" என்றார். பதிவு செய்தவருக்குச் சிரிப்பு. பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்களாம். பிரகாசியிடம் அதே கேள்வியைக் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"சாப்ட்டேம்ப்பா."

இரண்டு குரலும் வைப்பில் போயின. இனி நான்கு ஆண்டும் அளவீட்டுக்கு அந்த இரண்டு குரல்களையே பயன்படுத்துவார்கள்.

உலகம் எவ்வளவு மாறினாலும் அரசு அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தே தீரும். அந்தக் கடையில் வைப்புக் குரலின் பிரதி கிடைத்தது. கடைக்காரர் ஊரறிந்த ரகசியத்தைச் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பல்லு வெளக்கும்போது கேளு, துணி தொவைக்கும்போது கேளு. அலுத்துப் போற வரைக்கும் கேளு. அழறப்ப மட்டும் கேக்காத பாப்பா, அப்பறம் உள்ள போயி ஒட்டிக்கும்." பிரகாசி அந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தாள். அழுகை வரும்போதெல்லாம் பொத்தானை அணைத்துவிடுவாள். நாளாக நாளாக அணைக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

முதல் ஆண்டு முடிவில் அவளுக்குப் பதினொன்று வந்தது. மயிரிழையில் தப்பினாள். இணைச்சான்றில் இரண்டு எண்களும் அச்சாகியிருக்கும். அப்பாவுக்குப் பத்து. பாவம் மனிதர் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ என்று எண்ணி அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் ஆண்டு அவளுக்கு ஐந்து. அப்பாவுக்குப் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை அவள் பல நாள் எடுத்துப் பார்த்தாள். அப்பா எந்தக் குளியலறையில் நின்று அவள் குரலைத் தேய்த்தார்? அந்த வீட்டில் குளியலறைக்குக் கதவே கிடையாது. பொத்தானும் பாட்டும் அவருக்குப் பழக்கமில்லாதவை. அப்படியானால் பயிற்சி எதுவும் இல்லாமலே வந்த பூஜ்யமா? இரண்டு வருடம் பார்க்காவிட்டால் அவ்வளவு எளிதாகத் தீர்ந்துபோகிறதா? கேட்கவும் வழியில்லை. கேட்டால் உதவி போய்விடும். விடுதியில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு நடுவில் அவள் அந்தக் கேள்வியோடு ஒரு முழு ஆண்டைக் கழித்தாள். பதிலுக்குப் பதில் என்பது போல, நாற்பது தரம் கேட்டுக்கொண்டிருந்ததை அறுபதாக்கினாள், எண்பதாக்கினாள். அவருக்கு நான் வேண்டாம் என்றால் எனக்கும் அவர் வேண்டாம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லும்போது நெஞ்சு வலித்தது. பிறகு அதுவும் நின்றுபோய், எண்ணிக்கை மறுபடி நாற்பதுக்கே வந்தது.

*

வாரிய அலுவலகக் கூடத்தில் ஐம்பது அறுபது பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காராமல் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மணிக்கட்டிலும் பச்சை. சிலர் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவழைத்திருந்தாள். பேச்சே இல்லை. சுவரில் கடிகாரம் மட்டும் உரிமையோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பிரகாசியின் முறை வரும்போது மணி இரண்டேமுக்கால். அளவீட்டு அறையில் குளிர்சாதனம் பழுது. அதனால் கதவை அகலத் திறந்து ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த அலுவலர் ஹாசினி அம்மாள். தாத்தா பாட்டி காலத்துப் பெயர். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடம் இருக்கும். கையில் ஒரு பழைய நோட்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா. கடைசி வருஷமா? இதோட விட்டுது. விரலை உள்ள விடு."

பற்றுமானியின் கவ்வி அவள் ஆள்காட்டி விரலை மெல்லப் பிடித்தது. எதிரே கருப்புத் திரையில் ஓர் எண் தெரிந்தது.

"சாப்ட்டியாம்மா?"

மூன்று தரம் ஒலித்தது. பிரகாசி கூரையில் விழும் மழையைக் கேட்டாள். பத்து வினாடி முடிந்தது. எண் அசையவே இல்லை.

ஹாசினி அம்மாள் விசிறுவதை நிறுத்தினார். ஏதோ இயந்திரக் கோளாறு என்று நினைத்து இன்னொரு தரம் போட்டார். பூஜ்யம்.

"என்னம்மா இது? எட்டு வருஷமா இந்த சீட்ல இருக்கேன், பிள்ளைங்க பக்கத்துல பூஜ்யம் பாத்ததில்லை. இல்லத்துல வளர்ந்த பிள்ளைங்களுக்கு யாரோ ஒருத்தரோட குரலைப் போட்டாலே ரெண்டு மூணு வரும்."

பிரகாசி அந்த எண்ணைப் பார்த்தாள். வெற்றி பெற்றுவிட்டோம் என்று மனம் துள்ளும் என எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எங்கேயோ நடக்கும் விஷயம் போல இருந்தது. முதன்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. இனி அந்தத் துடிப்பு திரும்பி வராதோ என்ற பயம்.

ஹாசினி அம்மாள் கோப்பைத் திறந்து, "அப்பாவுக்கும் பூஜ்யம்தான். போன வருஷமும் பூஜ்யம், இன்னிக்குக் காலைல எடுத்ததும் பூஜ்யம்," என்றார். "ரெண்டு பக்கமும் பூஜ்யம்னா நான் சும்மா கையெழுத்துப் போட முடியாது. நேர்முகம் பண்ணணும்னு விதி இருக்கு. உங்க அப்பா தூத்துக்குடி கிளையில இன்னும் உக்காந்திருக்காராம். திரையில கூப்பிடறேன். இப்பவும் அசையலைன்னா முழு உதவி. பட்டம் வாங்கிட்டுப் போயிடலாம்."

"பாக்கணுமா மேடம்?"

"பாத்துதான் ஆகணும்."

திரை வெளுத்து, பிறகு தெளிந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பா. மாதா திருவிழாவுக்கு மட்டும் எடுத்து உடுத்தும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. விரல் கவ்விக்குள் இருக்க, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பருத்த மனிதரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கடற்சுவர் வேலைக்கு மேஸ்திரி, கிறிஸ்துராஜ் மாமா.

"சூசை சார், திருச்சி வாரியத்துலேர்ந்து பேசறேன். கேக்குதா?"

அப்பா திரும்பவில்லை.

"சார், இங்க பாருங்க. சூசை சார்!"

மேஸ்திரிதான் குனிந்து முன்னால் வந்தார். "மேடம், அவருக்குக் கேக்காதுல்லா. ரெண்டு காதும் போச்சி."

"என்னது?"

"பாறை இறக்குத மிஷினுக்கு அடியிலயே கெடந்தா என்னத்துக்கு ஆவும்? மொத வருசமே ஒரு காது மந்தமாயிட்டு. அடுத்த வருசம் மொத்தமாப் போயிட்டு. மிஷினுக்கிட்ட நிக்காதிய, காதுல பஞ்சாவது வையுங்கன்னு எத்தன தடவ சொன்னேன் தெரியுமா. கேட்டாத்தான? ஆசுபத்திரிக்கும் வரமாட்டேன்னுட்டாரு. புள்ள கொரலு கேட்டா நாடி துடிக்கும், கேக்காட்டி பாஸாயிரலாம்லாங்காரு. யார்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு." சொல்லிவிட்டு மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ. நான் வாயைத் தொறந்துட்டேனா?"

பிரகாசி அப்பாவின் எண்களை மறுபடி எண்ணிப் பார்த்தாள். பத்து. பூஜ்யம். பூஜ்யம். ஒரு வருடமாக அவள் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிய அந்த எண்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. அப்பாவுக்கு அவள் தீர்ந்துபோகவில்லை. அவள் குரல் எட்டக் கூடாது என்று காதைக் கொடுத்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், மடையர்.

விரலை இறுக்கிப் பிடித்திருந்த கவ்விக்கு மேலே எண் நான்காகி, ஆறாகி, ஒன்பதில் நின்றது.

ஹாசினி அம்மாள் அதைப் பார்த்தார். சட்டென்று தொடர்பின் ஒலியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகில் வந்தார். குரல் மாறியிருந்தது.

"இங்க பாரும்மா. காது கேக்காதவங்களுக்கு அளவீட்டுலேர்ந்து விலக்கு உண்டு. அவர் பக்கத்தை நான் பாத்துக்கறேன். உன் பக்கம்தான் இப்ப விஷயம். பத்து வினாடி. பன்னெண்டைத் தாண்டிடாத. கண்ணை மூடிக்கோ, வேற எதையாவது நினைச்சுக்கோ. இத்தனை வருஷம் இருந்துட்ட, பத்து வினாடி இருக்க மாட்டியா?"

பிரகாசி தலையசைத்தாள். இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அவர் காது எதற்குப் போனது? கடைசி ஆண்டு, அறை, உணவு, பட்டம் எல்லாம் இந்தப் பத்து வினாடியில்தான் இருக்கின்றன. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மழை, தகரம், குழாய். ஹாசினி அம்மாள் ஒலியைத் திறந்து விடும் சின்னச் சத்தம் கேட்டது.

அந்தப் பக்கம், மேஸ்திரி சூசையின் தோளைத் தட்டித் திரையைக் காட்டியிருக்க வேண்டும். நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ மூச்சை இழுத்தார்கள். அப்புறம் அந்தக் குரல் வந்தது.

"சாப்ட்டியாம்மா!"

இது வைப்புக் குரல் இல்லை. பல்லாயிரம் தரம் கேட்டுக் கேட்டு அவள் தேய்த்து எடுத்த குரல் மூன்று வருடத்துக்கு முந்தியது. வெட்கத்தோடு, மெதுவாக, ஒரு வினாடியில் முடிந்துபோகும். இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. கிழடு தட்டி, கரகரத்து, தன் சத்தம் தனக்கே கேட்காதவர்கள் பேசுவது போல எங்கே ஏற்றுவது எங்கே இறக்குவது என்று தெரியாமல், கூட்டத்தில் தொலைந்தவளைக் கூப்பிடுவது போல உரக்க வந்தது. இதற்கு அவளிடம் எந்தப் பயிற்சியும் இல்லை.

கண்ணைத் திறக்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் பட்டை சுட்டது. எண் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, அறுபத்து நான்கில் போய் நின்றது.

ஹாசினி அம்மாள் நீண்ட பெருமூச்சு விட்டார். பதிவுப் பொத்தான் மேல் அவர் விரல் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. "ஒரு தரம் மறு அளவீடு பண்ணிக்கலாம், விதியில இடம் இருக்கு," என்றார். "அவரை அனுப்பிடச் சொல்றேன். ஒரு மணி நேரம் வெளிய போய் நட, தண்ணி குடி. திரும்பி வந்து பழைய குரலுக்கு உக்காரு. உனக்கு அது வரும்னு எனக்குத் தெரியும்."

வரும். அதில் பிரகாசிக்கும் சந்தேகமில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மறுபடி அடக்கிவிட முடியும். அதுதான் அவளை உலுக்கியது. அவள் கண்ணைத் திறந்தாள். அப்பா திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியும் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. மகள் இதுவரை கண்ணை மூடியிருந்ததையும் இப்போது திறந்ததையும் அவர் பார்த்துவிட்டார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மேடம்," என்றாள் பிரகாசி. "அப்பா கேட்டுட்டு உக்காந்திருக்காவ."

"யோசிச்சு சொல்லு. இந்த மாசத்தோட அறை போயிடும். கடைசி வருஷம்மா."

"தெரியும் மேடம்."

தெரியும் என்று சொன்னாளே தவிர, அடுத்த மாதம் எங்கே தங்குவது, எப்படிப் படிப்பை முடிப்பது, முடிக்க முடியுமா என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பழக்கதோஷத்தில் "சாப்ட்டேம்ப்பா" என்பதுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அம்மா போன நாளிலிருந்து அவள் சொல்லிவந்த பொய் அது. அவள் அதை விழுங்கினாள். எப்படியும் அவருக்குக் கேட்கப்போவதில்லை. இடது கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். பிறகு அந்தக் கையை விரித்து, இல்லை என்று ஆட்டினாள்.

சூசைக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"சாப்புடலியா? மணி மூணாவுதுட்டி! மூணு மணி வரைக்கும் வயித்தக் காயப்போட்டுட்டு என்னத்தப் படிச்சிக் கிழிக்க? காலையிலயும் ஒண்ணும் திங்கல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுல்லா. எலும்பும் தோலுமா இருக்க! யாருமே கேக்க மாட்டாவளா அங்க? ஏம்மா, ஒருத்தர்கூடவா கேக்கல?"

கவ்வி இன்னும் விரலில் இருந்தது. அறுபத்து நான்கு எழுபதாகி, எண்பதைத் தொட்டது. ஹாசினி அம்மாள் பதிவுப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. முழு உதவி நிறுத்தம் என்று அதில் அச்சாகியிருந்தது. பிரகாசி அதை எடுத்துப் படிக்கவில்லை. சூசை நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுவதைப் பார்த்து அவர் இன்னும் உரக்கத் திட்டினார்.

கதவு திறந்துதான் இருந்தது. காது கேளாதவரின் அந்தப் பெரிய குரல் அறையைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது. ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள். நகம் கடித்துக்கொண்டிருந்தவள் கையை வாயிலிருந்து எடுத்தாள். "ஒருத்தர்கூடவா கேக்கல?" என்று அவர் மறுபடி கேட்டார். அந்தக் கேள்வி யாருக்கானது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

முதலில் நகம் கடித்தவளின் மணிக்கட்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பிறகு அவளுக்கு அடுத்தவனுக்கு. பிறகு பின்வரிசையில் மூன்று பேருக்கு. காவலாளி பதறிக்கொண்டு ஓடிவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியை இழுத்தார். அதற்குள் கூடம் முழுவதும் எரியத் தொடங்கியிருந்தது.